நூற்றுக்கு எத்தனை தேறும்?

சேலம் மாவட்டம் என்று இன்று நாம் சொல்வது பழைய சேலத்தில் ஒரு துண்டுதான். 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனியாகப் போனது. பிரிந்ததையெல்லாம் மறுபடி ஒட்டவைத்துப் பார்த்தால் வரைபடம் சுவாரசியமாக இருக்கிறது. வடக்கே போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதன் லித்தியம் செல் ஆலை. ஓசூரில் நெடுங்காலமாக ஈய பேட்டரி செய்யும் எக்சைடு. மேற்கே மேட்டூரில் காவிரி மின்சாரத்தை நம்பி வளர்ந்த ரசாயனத் தொழில். தெற்கே நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு: லாரி, கேஸ் டேங்கர், டிரைலர், போர்வெல் ரிக், பாடி கட்டும் பட்டறைகள். பேட்டரி செய்யத் தெரிந்தவர்களும் நாளைக்கு அதை வாங்கப்போகிறவர்களும் ஒரே பழைய மாவட்டத்தில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய தொகை இருக்கிறது, அரசாங்கத்தின் பணம். அது எதற்காகத் தரப்படுகிறது, எப்போது தரப்படுகிறது, ஏன் 2025 அக்டோபர் வரை யார் கைக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

2021 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மேம்பட்ட வேதியியல் செல்களை இந்தியாவிலேயே தயாரிப்பவர்களுக்கு, உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகையாக 18,100 கோடி ரூபாய். இலக்கு ஆண்டுக்கு 50 கிகாவாட் மணி. கிகாவாட் மணி என்றதும் மிரள வேண்டாம். வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான் ஒரு கிலோவாட் மணி. பத்து லட்சம் யூனிட் சேர்ந்தால் ஒரு கிகாவாட் மணி. மூன்று யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் என்றால், ஒரு கிகாவாட் மணி செல்லை வைத்து மூன்றே கால் லட்சம் ஸ்கூட்டருக்கு மேல் பேட்டரி கட்டலாம்.

18,100 கோடி என்பது கேட்க மலைப்பாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் அவ்வளவு மலைப்பில்லை. ஒரு கிகாவாட் மணிக்கு 362 கோடி. அது ஐந்தாண்டுக்குப் பிரித்துத் தரப்படுவது. ஆலை ஐந்தாண்டும் முழுத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிகாவாட் மணித் திறன் 50 லட்சம் யூனிட் செல்லைத் தந்திருக்கும். ஒரு யூனிட்டுக்கு விழுவது 724 ரூபாய். விதிப்படி அதிகபட்சம் யூனிட்டுக்கு 2,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆனால் உள்நாட்டில் எவ்வளவு மதிப்புக் கூட்டினோமோ அந்தச் சதவீதத்தால் பெருக்கித்தான் கிடைக்கும். முதல் இரண்டு ஆண்டில் அது 25 சதவீதத்தையும், ஐந்தாண்டுக்குள் 60 சதவீதத்தையும் தொட வேண்டும். ஒரு கிகாவாட் மணிக்குக் குறைந்தது 225 கோடியை நிறுவனம் முதலில் தன் கையிலிருந்து போட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், அமெரிக்கா 2022இல் கொண்டுவந்த சட்டம் ஒரு யூனிட் செல்லுக்கு 35 டாலர் வரிச்சலுகை தருகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 3,000 ரூபாய்.

நம் திட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செல் விற்ற பிறகுதான் பணம். ஆலை கட்டுவதற்கோ, ஆளைப் பழக்குவதற்கோ, பாழாய்ப்போன சரக்குக்கோ ஒரு பைசா கிடையாது. வரிப்பணத்தைப் பாதுகாக்கும் விதத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் செல் தயாரிப்பில் சிரமம் முழுவதும் விற்பதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

லித்தியம் செல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மர்மம் எதுவும் கிடையாது. ஒரு நீளமான செப்புத் தகடு, அதன் மேல் கிராஃபைட் பூச்சு. இன்னொரு நீளமான அலுமினியத் தகடு, அதன் மேல் லித்தியம் கலந்த உலோகச் சேர்மப் பூச்சு. இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் நுண்துளை கொண்ட பிளாஸ்டிக் தாள். மூன்றையும் பாய் போலச் சுருட்டி டப்பாவில் அடைத்து, லித்தியம் உப்பு கரைந்த கரிமத் திரவத்தை ஊற்றி மூடினால் செல். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன, வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

அளவுகளைக் கேட்கும்போதுதான் கதை மாறும். செப்புத் தகட்டின் தடிமன் 6 முதல் 8 மைக்ரான். தலைமுடி அதைவிட எட்டுப் பத்து மடங்கு தடிப்பானது. அந்தத் தகட்டின் இரு பக்கமும், கிலோமீட்டர் கணக்கில், ஒரே சீரான கனத்தில் கரிக்குழம்பைப் பூச வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மைக்ரான் கூடினால், அங்கே அயனிகள் போகவேண்டிய தூரம் கூடி, அந்த இடம் சோம்பலாகிவிடும். குறைந்தால் எதிர்ப்பக்கத்து லித்தியத்துக்கு இடம் போதாமல் உலோகமாகப் படியத் தொடங்கும். படிந்த லித்தியம் ஊசி போல வளர்ந்து நடுத்தாளைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட், பிறகு தீ. பூசியதைக் காயவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தி, கத்தியால் நீளவாக்கில் கீறுவார்கள். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறு போதும், ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கூட்டர் பற்றியெரிய.

எல்லாவற்றுக்கும் மேலே ஈரம். சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு வானத்தில் மேகம் கூடினால் வயிறு கலங்கும், களத்தில் காயும் மாவு கெட்டுவிடுமே என்று. செல் ஆலைக்காரருக்கு அந்தக் கலக்கம் ஆண்டு முழுக்க, அதுவும் கூரைக்கு உள்ளே. திரவத்தில் கரைத்திருக்கும் லித்தியம் உப்பு துளி ஈரம் பட்டாலும் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் அமிலமாகும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. செல்லின் உள்ளே இருப்பதை விட்டுவைக்குமா? ஆகவே திரவம் ஊற்றும் கூடத்தின் காற்று, மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் பனித்துளி கட்டும் என்ற அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். சேலத்தில் மழைக்காலத்து 30 டிகிரி வெயிலில் ஒரு கனமீட்டர் காற்றில் 18 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். உலர் அறையில் அது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 100 கிராம் போல ஈரத்தை வெளிவிடுகிறார் என்பதால், அந்த அறைக்குள் எத்தனை பேர் போகலாம் என்பதற்கே கணக்கு உண்டு. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் ஆலையின் மின்கட்டணத்தில் பெரும்பங்கைத் தின்கின்றன.

கடைசியில் முதல் சார்ஜ். ஆலைகளில் இதை ஃபார்மேஷன் என்பார்கள். முதன்முறை மின்சாரம் ஏறும்போது கிராஃபைட்டின் மேல் மெல்லிய ஒரு தோல் உருவாகிறது. திரவமும் லித்தியமும் சேர்ந்து சிதைந்து படிவதுதான் அந்தத் தோல். அது சீராக அமைந்தால் செல் பல ஆண்டு உழைக்கும், சரியாக அமையாவிட்டால் ஓராண்டில் களைத்துவிடும். அவசரப்படவும் முடியாது. மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, பிறகு இரண்டு மூன்று வாரம் அலமாரியில் அடுக்கிவைத்து, எந்தச் செல்லில் மின்னழுத்தம் தானாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இறங்கினால் உள்ளே எங்கோ கசிவு. தூக்கிப் போட வேண்டியதுதான். இன்று காலை பூச்சில் நடந்த தவறு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் அதே தவறோடு பல ஆயிரம் செல் தயாராகியிருக்கும்.

செல் ஆலையில் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: நூற்றுக்கு எத்தனை தேறும்? மொத்தம் இருபது படிகள் என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 நன்றாக வருகிறது. கேட்க அருமையாக இருக்கிறது. 0.99ஐ இருபது முறை பெருக்குங்கள், கடைசியில் தேறுவது 82. ஒவ்வொரு படியிலும் 98 என்றால் 67தான். செல்லின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் மூலப்பொருள். யூனிட்டுக்கு 3,500 ரூபாய் மூலப்பொருள் என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 தேறும் ஆலையில் ஒரு நல்ல யூனிட்டுக்கு மூலப்பொருள் செலவு 3,684 ரூபாய். எழுபதுதான் தேறும் என்றால் 5,000. வித்தியாசம் 1,316 ரூபாய். முன்னே வகுத்துப் பார்த்த 724 ரூபாய் ஊக்கத்தொகை, அதுவும் விற்றால்தான் வரும் தொகை, இந்தப் பள்ளத்தில் பாதியைத்தான் தூர்க்கும். 2024இல் சீனத்தில் இரும்பு-பாஸ்பேட் வகைச் செல் யூனிட்டுக்கு 60 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. பள்ளத்தை விலையில் ஏற்றி விற்கவும் வழியில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஊக்கத்தொகைக்காக நடந்த ஏலத்தைப் பார்க்கலாம். 2022 மார்ச்சில் 50 கிகாவாட் மணியும் நான்கு பேருக்கு ஒதுக்கப்பட்டது. ஓலா எலக்ட்ரிக்குக்கு 20, ஹூண்டாய் குளோபல் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்துக்கு 20, ரிலையன்ஸ் நியூ எனர்ஜிக்கு 5, ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸுக்கு 5. கடைசிப் பெயர் பெங்களூரைச் சேர்ந்த தங்க வணிக நிறுவனம். எவ்வளவு மதிப்புக் கூட்டுவேன், எவ்வளவு குறைந்த மானியத்துக்குச் செய்வேன் என்று சொன்னதை வைத்து மதிப்பெண். பேட்டரியே தொழிலாக வாழ்ந்த எக்சைடும் அமர ராஜாவும் போட்டியில் இருந்தும் இறுதிப் பட்டியலில் வரவில்லை. அவர்கள் மானியம் இல்லாமலே, ஒருவர் பெங்களூரு தேவனஹள்ளியிலும் மற்றவர் தெலங்கானாவின் மகபூப்நகரிலும் லித்தியம் ஆலை கட்டப் போய்விட்டார்கள். ஒருவர் செய்து பழகியதற்கு மதிப்பெண் போடாமல், செய்வேன் என்று எழுதிக் கொடுத்ததற்கு மதிப்பெண் போட்டால் வேறென்ன நடக்கும்?

2022 ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மூவர்தான். ஹூண்டாய் குளோபல் விலகியதில் 20 கிகாவாட் மணி அந்தரத்தில் நின்றது. அதில் 10ஐ மறு ஏலத்தில் 2024 செப்டம்பரில் ரிலையன்ஸ் எடுத்தது. எஞ்சிய பத்தை மின்கட்டமைப்புச் சேமிப்புக்கென ஒதுக்கிவைத்தார்கள். 2025 மார்ச்சில், முதல் மைல்கல்லை எட்டவில்லை என்று நிறுவனங்களுக்குக் கனரகத் தொழில் அமைச்சகத்திலிருந்து கடிதம் போனது. பிணையாகக் கட்டிய தொகையில் நாளொன்றுக்கு 0.1 சதவீதம் அபராதம். ரிலையன்ஸுக்கு மட்டும் அந்த மாதத் தொடக்கத்தில் 3.1 கோடி ஆகியிருந்தது. அக்டோபர் 2025 வாக்கில் இந்தத் திட்டத்தின் கீழ் நாட்டில் நிறுவப்பட்ட திறன் 1.4 கிகாவாட் மணி. அது முழுவதும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓலா ஆலையில் இருந்தது. அதுவரை ஊக்கத்தொகை என்று யாருக்கும் பணம் போகவில்லை.

ஓலாவைக் கேலி செய்வது இப்போது சுலபம். நான் செய்யமாட்டேன். அவர்கள் எடுத்துக்கொண்டது 4680 என்னும் வடிவம்: 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம். டெஸ்லா 2020 செப்டம்பரில் அறிவித்த அளவு அது. கரிக்குழம்பு பூசிக் காயவைப்பதற்குப் பதில் உலர்ந்த தூளையே அழுத்தித் தகடாக்கும் முறையில் செய்தால் அடுப்புச் செலவும் கரைப்பான் செலவும் மிச்சம். சொல்லும்போது சுலபமான இந்த வேலையைச் செய்து முடிக்க டெஸ்லாவுக்கே பல ஆண்டு பிடித்தது. 2025 இறுதியில் கிருஷ்ணகிரிச் செல் பொருத்திய ஸ்கூட்டர்கள் சாலைக்கு வரத் தொடங்கின. 20 என்று எழுதிக் கொடுத்ததற்கு 1.4 என்பது ஏமாற்றம்தான். ஆனாலும் செல் என்ற ஒன்றை இங்கே தொழிற்சாலை அளவில் உருட்டிப் பார்த்த கைகள் சில நூறாவது உருவாகியிருக்கின்றன. அந்தக் கைகளுக்கு மானியக் கணக்கில் தனித் தலைப்பு இல்லை.

பணம் கொட்டியும் தடுமாறுவது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2009இல் அமெரிக்கா, பொருளாதார மீட்பு நிதியிலிருந்து மின்வாகனத்துக்கும் பேட்டரிக்குமாக 240 கோடி டாலர் கொடுத்தது. நம் திட்டத்துக்கு நேர் எதிராக, ஆலை கட்டுவதற்கே முன்கூட்டிப் பணம். ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு 24.9 கோடி டாலர். 2012 அக்டோபரில் அது திவாலாகி, சீனத்தின் வான்சியாங் கைக்குப் போனது. மிச்சிகனின் ஹாலந்து ஊரில் எல்ஜி கெம் 15 கோடி டாலர் உதவியோடு கட்டிய ஆலையைப் பற்றி 2013இல் எரிசக்தித் துறையின் தணிக்கையாளர் எழுதிய அறிக்கை பிரசித்தம். வேலை இல்லாததால் தொழிலாளர்கள் சீட்டாடிக்கொண்டும் சினிமா பார்த்துக்கொண்டும் இருந்தார்கள், சம்பளத்தில் ஒரு பகுதி அரசுப் பணம். ஆலை இருந்தது, ஆள் இருந்தார்கள், இயந்திரம் இருந்தது. மின்கார்தான் விற்கவில்லை. ஐரோப்பாவில் நார்த்வோல்ட்டின் கதை வேறுமாதிரி. வாங்க பிஎம்டபிள்யூ வரிசையில் நின்றது, செல்தான் தேறவில்லை. சுவீடனில் 16 கிகாவாட் மணி என்று கட்டிய ஆலை 2023 முழுக்க ஒரு கிகாவாட் மணியைக்கூடத் தாண்டவில்லை. பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் திவால்.

சீனா பிடித்த வழி வேறு. ஆலைக்குத் தருவதைவிட வண்டி வாங்குவதற்குப் பணத்தை அள்ளித் தந்தது. 2015இல் ஒரு பட்டியல் போட்டு, பட்டியலில் உள்ள நிறுவனங்களின் பேட்டரி இருந்தால்தான் அந்த வண்டிக்கு மானியம் என்றது. கொரிய நிறுவனங்களுக்குப் பட்டியலில் இடமில்லை. நிங்டே என்ற கடலோர ஊரில் 2011இல் தொடங்கிய சி.ஏ.டி.எல். அந்த நிழலில் பேருந்து பேருந்தாகச் செல் செய்து, தவறு செய்து, திருத்தி, தேறும் அளவை ஏற்றியது. 2019இல் பட்டியலை எடுத்தபோது அது அசைக்க முடியாதபடி வேரூன்றியிருந்தது. நியாயமான வணிகம் இதுதானா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் தேறும் அளவு என்பது செய்துசெய்து மட்டுமே ஏறும் என்பதையும், செய்துகொண்டே இருக்க வாங்குபவன் ஒருவன் வேண்டும் என்பதையும் அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீன ஆலைகள் இன்று குவிக்கும் இரும்பு-பாஸ்பேட் செல்லின் வேர் டெக்சாஸில் இருக்கிறது. விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து, ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற கூட்டயனிகளை வைத்தால் இரும்பிலிருந்தே நல்ல மின்னழுத்தம் வாங்கலாம் என்று 1980களில் காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் கிராமத்துக்காரர், மதுரையில் படித்து ஐஐடி மெட்ராசில் முனைவரானவர். 1997இல் குட்எனஃப் குழுவைச் சேர்ந்த பாதி என்பவரும் நஞ்சுண்டசுவாமியும் அவரோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். 2019இல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியதும் மந்திரம்தான். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டாக பேட்டரி ஆய்வு செய்கிறது. சொந்த லித்தியம் செல் நுட்பத்தை 2018இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமும் போட்டது. அதே ஆண்டு இஸ்ரோ தன் விண்வெளிச் செல் நுட்பத்தை ஒரு கோடி ரூபாய்க்குத் தரத் தயார் என்றது. ஆய்வகத்தில் செல் நமக்குப் புதிதில்லை. ஆலையில் மின்வேதியியலும் புதிதில்லை.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்து, மின்சாரம் வந்த பின் அந்த ஊரில் முளைத்த முக்கியத் தொழில்கள் மின்வேதியியல்தான். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மால்கோ நிறுவனம் செய்த அலுமினியம். அலுமினிய உருக்காலை பிறகு நின்றுபோனது. என்றாலும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை இரவுபகலாகச் சீராக ஓட்டவும், அமில வாடையோடு பத்திரமாக வேலை செய்யவும் தெரிந்த மூன்று தலைமுறை அந்த ஊரில் இருக்கிறது. சிவகங்கையில் டாமின் நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. 2023 டிசம்பரில் சீனா கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோதுதான் பலருக்கு அந்தச் சுரங்கம் ஞாபகம் வந்தது. தோண்டியெடுத்த கிராஃபைட்டை உருண்டையாக்கி, மாசு நீக்கி, பேட்டரித் தரத்துக்குக் கொண்டுவருவது தனி வேலை. அந்த நடுவேலைக்கு ஆலை இல்லாவிட்டால் 60 சதவீத உள்நாட்டு மதிப்பு என்பது காகிதத்தில்தான் இருக்கும். தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கை சேலத்தையும் மின்வாகன நகரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பலகை வைப்பதோடு நில்லாமல், மேட்டூர்ப் பிள்ளைகளை உலர் அறைக்குப் பழக்கும் ஒரு சிறு மாதிரி ஆலைக்கு அதில் பணம் போனால் நல்லது.

சரி, வாங்குபவன் யார்? ஸ்கூட்டர்க் கூட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நாமக்கல்லுக்குப் போவோம்.

நீண்டதூரம் ஓடும் லாரியில் 400 லிட்டர் டீசல் பிடிக்கும். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 1,600 கிலோமீட்டர். டீசலின் எடை 330 கிலோதான். ஒரு லிட்டர் டீசலில் பத்து யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது, எஞ்சின் அதில் நான்கு யூனிட்டை வேலையாக மாற்றும். அதே 1,600 யூனிட் வேலையை இரும்பு-பாஸ்பேட் பேட்டரியில் சுமந்து போக வேண்டுமென்றால் பேட்டரி மட்டும் பத்து டன்னைத் தாண்டும். லோடு ஏற்ற இடமேது? நடைமுறையில் 300 யூனிட் பேட்டரி வைப்பார்கள், இரண்டு டன் வரும். ஒரு சார்ஜுக்கு 200 கிலோமீட்டர் கொஞ்சம் கூடக் குறைய. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு நடை. வடமாநிலம் போகும் டிரைலருக்கு இது கட்டாது. முட்டை லோடு, சிமெண்ட், ஆலைக்கும் குடோனுக்கும் நடுவே தினமும் ஓடும் வண்டி, இவற்றுக்குக் கட்டும்.

தொப்பூர் கணவாயில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன லாரிகளின் கதை இந்த வட்டாரத்தில் எல்லா டிரைவருக்கும் தெரியும். 35 டன் வண்டி 200 மீட்டர் உயரம் இறங்கும்போது 19 யூனிட் ஆற்றல் வெளிப்படுகிறது. டீசல் லாரியில் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகப் போய், லைனிங்கைக் கருக்கும். மின்லாரியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். 19இல் பத்துப் பன்னிரண்டு யூனிட் பேட்டரிக்குத் திரும்பும். கால் பிரேக் சும்மா இருக்கும். ஒரு விஷயம், மேலேயே பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அதற்குள் மேலும் ஏற்ற முடியாது, இழுத்துப் பிடிக்கும் பலமும் குறைந்துவிடும். தருமபுரியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது என்பது இனி டிரைவர்கள் பழக வேண்டிய பாடம்.

மின்லாரிக்கென்று மத்திய அரசு பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 500 கோடி ஒதுக்கி, 2025 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. நாடு முழுவதற்கும் 5,600 வண்டி. ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம். பழைய லாரியை உடைத்துப்போட்ட சான்று வேண்டும். கிருஷ்ணகிரியின் 1.4 கிகாவாட் மணியும் 300 யூனிட் லாரிகளுக்கே போவதாக வைத்தால் ஆண்டுக்கு 4,600 லாரிக்கு மேல் பேட்டரி கிடைக்கும். செல் பக்கத்து மானியமும் லாரி பக்கத்து மானியமும் ஒரே அமைச்சகத்திலிருந்து வருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை.

நாமக்கல்லின் தொழில் ஓடுவது ஃபைனான்சில். புது வண்டியை டியூவில் எடுத்து, ஐந்தாறு ஆண்டில் செகண்ட்ஸில் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு முன்பணமாகப் போடுவது வழக்கம். பழைய வண்டி வாங்க வருகிறவர் புகையின் நிறம் பார்ப்பார், எஞ்சின் சத்தம் கேட்பார், சேஸிஸில் வெல்டிங் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் விலை சொல்லிவிடுவார். மின்லாரியின் விலை டீசல் லாரியைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதில் பெரும்பங்கு பேட்டரி. அந்தப் பேட்டரி ஐந்து கோடையைச் சேலம் வெயிலில் கழித்த பிறகு எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது புகையிலும் சத்தத்திலும் தெரியாது. டாஷ்போர்டு காட்டும் எண் நிறுவனம் எழுதிய மென்பொருளின் எண். உண்மையை அறிய முழுதாகச் சார்ஜ் போட்டு, முழுதாக இறக்கி, வெளியே வந்த யூனிட்டை எண்ண வேண்டும். செல் செல்லாக உள்மின்தடையை அளக்க வேண்டும். 300 யூனிட்டை இறக்கிப் பார்க்கும் கருவி சாதாரணப் பட்டறையில் இருக்காது. வாகனச் சோதனைக்கென்று மாநிலத்தில் உள்ள பெரிய மத்திய அரசு நிலையம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கிறது. செகண்ட்ஸ் விலை தெரியாத வண்டிக்கு எந்த ஃபைனான்ஸ்காரரும் நல்ல வட்டியில் பணம் தரமாட்டார். தந்தால் டியூவில் அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் வாங்குவார். 9.6 லட்சம் மானியம் அந்தக் கூடுதல் வட்டியிலேயே கரைந்துவிடக்கூடும். 18,100 கோடியில் ஒரு துளியை எடுத்து நாமக்கல் புறவழிச்சாலையில் ஒரு பேட்டரிச் சோதனைக் கூடம் கட்டி, அது தரும் சான்றை ஆர்டிஓ எஃப்.சி. போல எல்லோரும் ஏற்கும்படி செய்தால், கிருஷ்ணகிரியில் உருளும் செல்லுக்கு வாங்க ஆள் நாமக்கல்லிலிருந்தே வருவார்கள்.